கலாவதி தறியின் இருமல்

குமாரசாமி செத்து இரண்டு மாதம் கழித்து, அவன் மனைவி கலாவதி நெய்த சேலைகள் இரும ஆரம்பித்தன. முதலில் இருமியது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடையில் விரித்துக் காட்டும்போது தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்ன இருமல், அப்புறம் மூச்சு தீர்கிற மட்டும் இழுத்த ஒரு நெடிய இருமல். வாங்க வந்த பெண்மணி சேல்ஸ்மேனை முறைத்தாள். சேல்ஸ்மேன் கேஷியரைப் பார்த்தான். கேஷியர் வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அவர் தப்பித்தார். மறுபடி இருமியபோது சேலையின் மடிப்பு குலுங்கியதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். அந்த வாரம் பட்டு நூல் விலை ஏறியிருந்தது, பஸ் ஸ்டாண்டில் சாக்கடை அடைத்திருந்தது. ஆகவே ஊர் இதை மூன்றாவது செய்தியாகத்தான் பேசியது.

கடைக்காரர் சேலையை நிழலில் உலர்த்தினார், சாம்பிராணி காட்டினார், நாப்தலின் உருண்டை வைத்தார். யார் பேச்சையோ கேட்டுக் கற்பூரவல்லிச் சாறு தெளித்ததில் முந்தானையில் கறை விழுந்ததுதான் மிச்சம். தறியில் நீளவாக்கில் ஏற்றிய அதே பாவு நூலில் நெய்து வந்த மற்ற இரண்டு சேலைகளும் இருமின. மூன்றையும் மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றி, பெரிய காஞ்சிபுரத்தில் கலாவதி வீட்டு வாசலில் இறக்கினார்கள். ஆட்டோக்காரர் வழியெல்லாம், "யாருபா பின்னால, மாஸ்க் போட்டுக்கினு உக்காருங்க" என்று திட்டிக்கொண்டே வந்தாராம். கலாவதிக்கு மூட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது. ஊருக்குச் சேலை, அவளுக்குப் புருஷன்.

குமாரசாமி தறியை விட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன். போனுக்கும் காருக்கும் போகிற சின்னச் சின்னச் செம்பு ஸ்பிரிங்குகளை மூன்றாம் கூடத்தில் மெஷினில் தேய்த்து மெருகு போடுவது அவன் வேலை. அந்தச் செம்பில் விறைப்புக்காகப் பெரிலியம் என்ற உலோகம் துளி கலந்திருக்கும். பூவை விட இலேசான பேர், இலேசான உலோகம். ஆனால் அதன் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இருமல் வந்தபோது கம்பெனி டாக்டர் பீடியை விடச் சொன்னார். பீடியைத் தொட்டே அறியாதவன் எதை விடுவான்? கடைசியில் மூச்சைத்தான் விட்டான். கம்பெனி பெரிய மாலையாக ஒன்று அனுப்பியது. அதைத் தூக்கி வந்தவர்களில் கலாவதியின் தம்பி சிவபாலனும் ஒருவன், ஏனென்றால் அவனுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். கலாவதிக்கு இப்போது உலகத்தில் ஒரே குறி, அவனை அந்தக் கூடத்திலிருந்து உயிரோடு வெளியே இழுப்பது. அவனோ, "மாமா ஒடம்பு வீக்குக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்று யூனிபார்மை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

சேலைக்குள் குமாரசாமி எப்படிப் போனான் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு பாவு தீர்ந்தால், பழைய இழை நுனியோடு புது இழை நுனியைச் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்பது காஞ்சிபுரத்து வழக்கம். அந்தச் சாம்பல் எப்போதும் தறியோரத்து மாடக்குழியில் இருக்கும். சிவபாலன் எலும்பைப் பாலாற்றில் கரைத்துவிட்டு, மீந்த சாம்பலைத் துணியில் முடிந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கேயே வைத்துவிட்டான். காரியம் முடிந்து பாவு பிணைக்க வந்த கைலாசம் அதை எடுத்து வேலையை முடித்துவிட்டுப் போனார். விஷயம் தெரிந்ததும் அவர் ஓடி வந்தார். "சாம்பல் வைக்கிற எடத்துல சாம்பல் இருந்துச்சு. நான் இன்னாமா பண்றது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கலாவதி அன்றைக்குத்தான், புருஷன் போனபிறகு முதல் முறையாக, சிரித்தாள். "நீங்க தப்பு பண்ணலண்ணே. அடுத்த பாவுக்கும் அதையே தொட்டுப் பிணைங்க" என்றாள்.

சொந்தக்காரர்கள் வந்து, கோயிலில் பரிகாரம் செய், சாம்பலை மாற்று, தறியையே மாற்று என்றார்கள். கலாவதி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். "எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு கேக்கறீங்களே, ஏன் இருமுதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள். காபி ஆறிப்போனது. மறுநாள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய் நின்றாள். ஷிப்டு மாறும் நேரம் பார்த்துச் சேலை நன்றாக இருமியது.

மேனேஜர் படித்தவர், நிதானமானவர். ஜரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சொல்கிற எக்ஸ்ரே பெட்டியில் சேலையை வைத்துப் பார்க்கச் சொன்னார். தங்கம் வந்தது, வெள்ளி வந்தது, செம்பு வந்தது. பெரிலியம் வரவில்லை. "பாத்தீங்களாமா, ஒண்ணுமில்ல" என்றார். அந்தப் பெட்டியின் கண்ணுக்குப் பெரிலியம் தெரியவே தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை. அந்தக் கண்ணுக்கு மூடியாக மாட்டியிருக்கும் தகடே பெரிலியம்தான். மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரியாத கதை.

இந்தச் சமயத்தில் அதே ஊரில் அனு என்ற பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அவள் அம்மா கலாவதியிடமே நேராகச் சேலை வாங்கியிருந்தாள். இருமும் என்று கலாவதி சொல்லித்தான் கொடுத்தாள். அம்மா அதை வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். லக்னப் பத்திரிகை வாசிக்கையில் சேலை இருமியது, மாப்பிள்ளையின் அத்தைகள் வெந்நீர் கொண்டு வந்தார்கள். அனு மட்டும் பதறவில்லை. வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் கனமான அணுக்களை வேகம் ஏற்றி எறிகிற இயந்திரத்தோடு குப்பை கொட்டுபவள் அவள். கலாவதி வீட்டுக்கு வந்து கதை முழுவதும் கேட்டாள்.

"அக்கா, இந்த மாதிரி லைட்டான எலிமென்ட்டைப் புடிக்கணும்னா ஹெவியானதைத் தூக்கி அடிக்கணும். அடிபட்ட அணு வேற ஒண்ணா மாறி, கொஞ்ச நேரம் கதிர் விடும். அது எப்படி அடங்குதுன்னு பாத்தா அங்க இருந்தது யாருன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

"அவருக்கு வலிக்குமா?" என்று கலாவதி கேட்டாள்.

"தெரியலக்கா."

"பரவால்ல, அடி. உயிரோட இருந்தப்ப பட்டதை விடவா?"

அனு இருமுகிற சேலையில் ஒரு துண்டும், பக்கத்துத் தறியின் இருமாத சேலையில் ஒரு துண்டும் வெட்டிக்கொண்டு போனாள். இயந்திரத்தின் அணுக் கற்றையில் அடி வாங்கி வெளியே வந்ததும் குமாரசாமித் துண்டு அடக்க மாட்டாமல் இருமியது. கதிர் பாதியாகக் குறைந்தபோது இருமலும் பாதியானது, அது மறுபடி பாதியானபோது இதுவும் ஆனது. அனு இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டாள். கோடு ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது. பெரிலியம் இருந்தது, நூறு கோடியில் சில பங்கு. பக்கத்துத் தறித் துண்டில் எதுவும் இல்லை.

சேதி தெரிந்ததும் கம்பெனி இருமும் சேலைகள் அத்தனையையும் தானே வாங்கிக்கொள்வதாக ஆள் அனுப்பியது. "புருஷனை ஒருதரம் எரிச்சாச்சு. ரெண்டாந்தரம் உங்க கைல குடுக்கணுமா?" என்று கலாவதி கதவைச் சாத்தினாள். தன் வேலைக்கு அக்காவே உலை வைக்கிறாள் என்று சிவபாலன் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். ஆனால் மூன்றாம் கூடத்துக்கு ஆம்பிளைகளை அனுப்பிய வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "எனக்கும் அந்தச் சேலை நெய்ஞ்சு குடுமா" என்றார்கள். பட்டுக்கு வழியில்லாதவர்கள் பருத்தி நூல் கொண்டு வந்தார்கள். பருத்தியும் இருமியது. ஒரு வருடம் கலாவதி வேறு எதுவும் நெய்யவில்லை.

அனுவின் வரைபடத்தை இணைத்துக் கலாவதி கொடுத்த மனுவின் பேரில் கலெக்டர் ஆபீசில் விசாரணை வைத்த அன்றைக்கு அந்தப் பெண்கள் அந்தச் சேலைகளிலேயே வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "எங்கள் கூடத்தில் தூசு என்பதே கிடையாது" என்று ஆரம்பித்தார். சேலைகள் மொத்தமாக இருமின. அவர் நிறுத்தினால் நின்றன, தொடங்கினால் தொடங்கின. அப்போது பின்னால் தனியாக ஓர் இருமல் கேட்டது. சின்னதாக ஒன்று, அப்புறம் நெடியது. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, அந்தச் சேலையை வெளிய எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினார்.

கலாவதி எழுந்து பின்னால் பார்த்தாள். "சார், அங்க சேலை கட்டினவங்க யாருமே இல்ல. கம்பெனி ஆளுங்கதான் நிக்கறாங்க. இருமினது என் தம்பி" என்றாள். அதற்குப் பிறகு சேலைகள் ஒன்றுகூட இருமவில்லை. யூனிபார்ம் போட்டவர்களில் இன்னொருவர் இருமினார், அப்புறம் இன்னொருவர். சிவபாலன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றி மேனேஜர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் கூடத்தைப் பூட்டினார்கள். வேலை செய்தவர்களுக்கெல்லாம் நெஞ்சைச் சோதித்தார்கள், சிலருக்குத் தப்பியது, சிலருக்குத் தப்பவில்லை. இனியாவது சேலை சும்மா இருக்குமா என்று கேட்டவர்களிடம் கலாவதி, "அது அவரு இஷ்டம். நான் வாயைப் பொத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இப்போது காந்தி ரோட்டுக் கடைகளில், இருமுறதா, இருமாததா என்று கேட்டுவிட்டுத்தான் சேலையை விரிக்கிறார்கள். சிவபாலன் தறியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடுகிற நாடாக்கட்டையைத் தள்ளுகிறான். மூச்சு பாதிதான் வருகிறது, ஆனாலும் வருகிறது. தறி ஓடும்போது இருமல் கேட்டால் கலாவதி கையை நிறுத்துவதில்லை, தலையை நிமிர்த்துவதும் இல்லை. "தண்ணி குடிடா" என்றால் அது தம்பிக்கு. "தண்ணி குடிங்க" என்றால் சேலைக்கு.