அவர் முறை

அக்காவின் மூன்று பெட்டிகளும் காரில் ஏறியாயிற்று. கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைச் சாத்தி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். என் வீட்டுக்கு ஆறு மணி நேரப் பயணம். மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா டிரைவரிடம், "முதல்ல கோல்ஃப் மைதானத்துக்கு விடுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நாலு குழி பாக்கி இருக்கு. அதை முடிச்சுட்டா உன்கூட வந்துடறேன்" என்றாள். பின்னால் பெட்டிகளின் மேல் குறுக்கே அத்தானின் கோல்ஃப் பை கிடந்தது. அதை எப்போது ஏற்றினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் இறந்து ஏழு வாரம் ஆகிறது. தம்பதிகளுக்கான போட்டி ஒன்றில், பதினைந்தாவது குழிக்கான முதல் அடியை அடித்தவர், அடித்த வேகத்தில் மேலே போன மட்டையை இறக்காமலே சரிந்துவிட்டார். பந்து எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா அழவில்லை. அது கூடப் பரவாயில்லை. சாப்பிடும் விதம்தான் என்னைக் கலக்கிவிட்டது. ஒரு வாய் எடுத்து வைப்பாள். ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். எதிர் நாற்காலியைப் பார்த்தபடி நிமிஷக்கணக்கில் இருந்துவிட்டு அடுத்த வாய். பாதித் தட்டு காலியாவதற்குள் சோறு ஆறிப் போய்விடும், எழுந்துவிடுவாள். செய்தித்தாளில் ஒரு பக்கம் திருப்பினால் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டாள். படிக்கட்டில் ஒரு படி ஏறி நிற்பாள். ஏழு வாரத்தில் ஒன்பது கிலோ போய்விட்டது. டாக்டர் துக்கம் என்றார். எனக்கு அது துக்கமாகத் தெரியவில்லை, வரிசையில் நிற்பவளைப் போலத்தான் இருந்தாள். இப்படியே விட்டால் அக்கா எனக்கு மிஞ்ச மாட்டாள் என்று பயந்துதான் அழைத்துப் போக வந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தாறு வருஷமாக ஜனங்களைத் தகட்டின் முன்னால் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி, ஐந்து வரை எண்ணி, "விடலாம்" என்று சொல்வது என் பிழைப்பு. படத்தில் தெரியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்தது பூஜ்யம். அவ்வளவு தூரம் அடித்துவிட்டு மறுபடி தேடிக்கொண்டு போவதற்கு, பந்தைக் கையிலேயே எடுத்துப் போய்க் குழியில் போட்டுவிடலாமே என்று ஒருமுறை அத்தானிடம் சொன்னேன். மனிதர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. வாசல் காவலாளி அக்காவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். டிரைவரை வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு இருவரும் நடந்தோம். காலை ஏழு மணி இருக்கும். மூடுபனி விலகவில்லை. நான் முதுகில் மாட்டியிருந்த பைக்குள் மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது. அக்கா அத்தானின் வெள்ளைத் தொப்பியைப் போட்டிருந்தாள், அது அவளுக்குக் காது வரை இறங்கியது.

"ஆளுக்கொரு பந்து அடிச்சு, மொத்த அடியைக் கூட்டிப் பார்க்கறது ஒரு வகை" என்றாள் நடந்துகொண்டே. "ஒவ்வொரு குழியா ஜெயிச்சுக்கிட்டுப் போறது இன்னொரு வகை. நாங்க ஆடினது மாத்தி மாத்தி ஆடறது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. அவர் அடிச்ச இடத்துலேர்ந்து நான் அடிக்கணும். நான் அடிச்ச இடத்துலேர்ந்து அவர் அடிக்கணும். ஒத்தப்படைக் குழியில அவர் தொடங்குவார், இரட்டைப்படையில நான். முறை மாத்தி அடிச்சா தண்டனை."

"அவர் கோணல்மாணலா அடிச்சாலுமா?"

"எங்க அடிச்சாலும். புதர்ல விழுந்தாலும் அங்க போய் நின்னு நான்தான் அடிக்கணும். முப்பது வருஷம் அதானே பண்ணேன்" என்று சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு, "அவர் அடிச்சாச்சு. இப்ப என் முறை. நான் வராம அவரு எப்படிப் போவாரு? பதினஞ்சுலயே நிக்கிறாரு" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவரைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எதிர் நாற்காலியும் செய்தித்தாளும் படிக்கட்டும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

பதினைந்தாவது புல்வெளியில் ஒருவர் வெட்டு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அணைத்துவிட்டு இறங்கினார். வழவழவென்று வெட்டப்பட்ட புல்லின் நடுவே, ஒரு வாளி அகலத்துக்கு மட்டும், முழங்கால் உயரப் புல் வட்டமாக நின்றிருந்தது.

"தட்டு சார் பந்தும்மா" என்றார். அடிக்கும் முன் இடது கால் நுனியால் தரையை இரண்டு முறை தட்டுவது அத்தானின் வழக்கம். அதனால் இங்கே அவருக்கு அந்தப் பெயர். "மூணாம் நாளு பாத்தேன். பந்துல அடையாளத்துக்கு ரெண்டு பச்சைப் புள்ளி வெச்சிருப்பாரே. ஆட்டத்துல இருக்கிற பந்தை எடுக்கக் கூடாதுல்ல? அதான் சுத்தி வெட்டிக்கிட்டுப் போறேன்."

"யாரும் தொடலையே?" என்றாள் அக்கா.

அவர் மெஷின் சக்கரத்தில் ஒட்டிய புல்லைக் காலால் தள்ளினார். "யாரும் தொடலைம்மா. ஆனா விடியக்காலைல வந்தா, பனி மேல சுத்திச் சுத்திக் கால் தடம் இருக்கும். ஒரே ஆளோடதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு நிற்காமல் மெஷினில் ஏறினார்.

அக்கா அந்தப் புல் வட்டத்துக்குள் குனிந்து, பந்தைத் தொடாமல் பார்த்தாள். எழுந்து, இரும்பு மட்டை ஒன்றை உருவி, ஓங்கி அடித்தாள். ஒன்பது கிலோ குறைந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, புல்லும் மண்ணுமாகப் பறந்து, பந்து பனிக்குள் போனது. அடுத்தது அவர் முறை. அவருக்குப் பதிலாக அடிக்கச் சொல்லி அக்கா மட்டையை என் கையில் திணித்தாள்.

"எனக்குப் பிடிக்கவே தெரியாது, அக்கா."

"வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரல் மேல போடு. இறுக்காத. மட்டையைப் பின்னால தூக்கறப்ப தோள் திரும்பணும், தலை திரும்பக் கூடாது. கீழ வர்றப்ப இடுப்பு முதல்ல வரணும். பந்தை அடிக்கணும்னு நினைக்காத. போற வழியில பந்து இருக்குன்னு நினைச்சுக்கோ. அடிச்சதும் நிக்காத, முழுசாப் போய் முடி."

பந்து கிடந்த இடம் வரை நடந்து போய் நின்று வீசினேன். மட்டை காற்றை மட்டும் வெட்டியது. பந்து இருந்த இடத்திலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்துல வீசினாலும் ஒரு அடிதான்" என்று அக்கா அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அவள் அடித்தாள். மறுபடி என் முறை வந்தது.

இந்த முறை எனக்கு ஒன்றும் நினைவில்லாமல் கை தானாகத் தூக்கியது. மட்டை உச்சிக்குப் போனதும் நின்றது. நான் நிறுத்தவில்லை. வலது தோளுக்குள் ஏதோ சிக்கி, சுருக்கென்று வலித்தது. ஒரு கணம் அப்படியே இருந்து, பிறகு சரசரவென்று இறங்கியது. பந்து வளைந்து, அடக்கமாக, கொடிக்கு அருகில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் என் இடது கால் நுனியில் ஈரப்புல் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன்.

அந்தச் சிக்கல் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தானின் வலது தோளை நானே படம் எடுத்தேன். மூட்டின் விளிம்பில் அரிசி அளவு எலும்பு முளைத்திருந்தது. அதனால்தான் மட்டை உச்சியில் நின்றுவிடுகிறது என்று அவரைக் கேலி செய்திருக்கிறேன். என் தோளில் அப்படி ஒன்றும் கிடையாது. அக்காவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்த்து, "நல்ல அடி" என்றாள்.

நான் அங்கேயே மட்டையைப் போட்டுவிட்டுக் காருக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் கணக்கு எளிது: நாலு குழி முடிந்தால் அக்கா என்னோடு வருவாள், சாப்பிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதினைந்தை ஏழு அடியில் முடித்தோம். நாலில் முடித்தால் பார், ஒன்று கூடினால் போகி என்றாள் அக்கா. மூன்று கூடினால் என்ன பெயர் என்று கேட்டேன். "வெக்கம்" என்றாள். பதினாறில் பந்தை எடுக்க நான் குனிந்தேன். குழிக்குள் மணிக்கட்டு வரை கை போனதும் பிளாஸ்டிக் அடித்தளம் விரலில் தட்டியது. பதினேழில் தொடங்குவது அவர் முறை. அடித்தேன். பந்து வலது பக்கம் வளைந்து வெட்டு மெஷின் இருந்த பக்கமாகப் போனது. "ஃபோர்!" என்று ஒரு கத்தல் கேட்டது. மெஷின்காரர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்தார், பந்து அவரைத் தாண்டி விழுந்தது.

"பந்து ஆள் மேல வருதுன்னா அப்படித்தான் கத்தணும்" என்றாள் அக்கா. "உனக்கு நான் சொல்லவே இல்லையே."

கத்தியது என் வாய்தான். டிவியில் கேட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். மெஷின்காரர் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, சலாம் வைத்தார். எனக்கு யாரும் சலாம் வைப்பதில்லை.

பதினெட்டாவதுக்குப் போகும் வழியில் அக்கா வேகமாக நடந்தாள், கன்னத்தில் நிறம் வந்திருந்தது. "கடைசிக் குழி முடிஞ்சதும் தொப்பியைக் கழட்டிட்டுக் கை குடுக்கணும். அதைப் பண்ணாம ஆட்டம் முடியாது" என்றாள். "அன்னிக்கு அது மட்டும்தான் எனக்கு மனசுல இருந்துச்சு. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. கை கூடக் குடுக்கல."

நான் அவள் தோளில் கை வைத்தேன். எலும்பு விரலில் இடித்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பதினெட்டில் அக்கா ஒன்று, அவர் ஒன்று, அக்கா ஒன்று, அவர் ஒன்று. ஐந்தாவது அக்காவுடையது. பத்தடி தூரத்திலிருந்து அவள் மெதுவாகத் தட்டிய பந்து, உருண்டு உருண்டு வந்து, குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. பாதி புல்லில், பாதி அந்தரத்தில். ஊதினால் விழும்.

"தொடாத" என்றாள் அக்கா. "இப்படித் தொங்கினா பத்து விநாடி காத்திருக்கலாம், ரூல் இருக்கு. நீ எண்ணு."

எண்ணுவது என் தொழில். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தேன். பத்து வரை வந்தது. இரண்டு பச்சைப் புள்ளிகளும் மேலே தெரிய, பந்து அசையவில்லை. அடுத்தது அவர் முறை. நான் மட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது, பேருந்தில் ஒருவர் எழுந்த இடத்தில் உட்காரும்போது இருக்குமே, அது போல. ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடலாம். வழியில் எங்காவது நிறுத்தி அக்காவை வயிறாரச் சாப்பிட வைக்கலாம்.

"அடிச்சுட்டா முடிஞ்சுடும்" என்றாள் அக்கா. "பரவால்லையா?"

"முடிக்கத்தானே வந்தோம், அக்கா."

"உன்கிட்ட கேக்கல."

நான் மட்டையைப் புல்லில் கிடத்திவிட்டு நான்கு அடி பின்னால் வந்தேன். அந்த இடத்தில் நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, என் கால்களையே பார்த்தேன். இரண்டும் அசையாமல் இருந்தன. அப்போது புல்லில் மெத்தென்று இரண்டு தட்டு கேட்டது.

பந்து குழிக்குள் விழுந்து, பிளாஸ்டிக்கில் கடகடவென்று சுற்றி அடங்கியது.

அக்கா அழுதாள். சத்தமில்லாமல், முகம் முழுக்க நனைய அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். குழியருகே மண்டியிட்டு, பந்தை எடுக்க வலது கையை உள்ளே விட்டாள். தொலைவில் டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"போலாமா, அக்கா?"

"ஒரு நிமிஷம்" என்றாள். அவள் தோள் மேலும் கீழும் இரண்டு முறை அசைந்தது, கை குலுக்கும்போது அசைவது போல. பிறகு அசைவு நின்றது. கை வெளியே வரவில்லை. நான் எனக்கே தெரியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன். ஐந்து. ஆறு. பனி விலகி வெயில் வந்து, புல் நன்றாகத் தெரிந்தது. அக்காவின் முகம் சாந்தமாக இருந்தது. மணிக்கட்டு அளவு ஆழமுள்ள அந்தக் குழிக்குள் அவள் கை முழங்கை வரை போயிருந்தது. நான் ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்று. பன்னிரண்டு. அவளும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். "விடலாம்" என்று சொல்ல என் வாய் திறந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், இறுக்கிப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே இருந்தேன்.