விஸ்வநத்தத்தில் வெடித்த அத்தியாயம்

அந்தத் துண்டுக் காகிதம் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஓரமெல்லாம் கருகி, வெடிமருந்து வாடை அடித்தது. அச்சக முதலாளி லட்சுமிகாந்தம் அதை அருணாதேவியின் மேசையில் வைத்துவிட்டு, "இது நம்ம புஸ்தகம்தானே தாயி?" என்றார்.

தான் எழுதிய தமிழ் அவளுக்குத் தெரியாதா? 'தலைவர் குழந்தையை முத்தமிட்டார். கைதட்ட வந்தவர்கள் லாரிக்குத் திரும்பினார்கள். காருக்குள் ஏறியதும் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.'

சிவகாசியில் அந்த அச்சகத்தில் அவள் பத்து வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். எல்லாம் காலண்டர். ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் காப்பதுதான் வேலை. அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊரில் பாதிக் கல்யாணம் எமகண்டத்தில் நடந்துவிடும். இந்தக் கிரகங்களோடு மல்லுக்கட்டிய நேரம் போக, மூன்று வருடம் மதியச் சாப்பாட்டு வேளைகளில் அவள் ஒரு நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினாள். கிழக்கு ஐரோப்பாவில் அறுபது வருடம் முன்பு எழுதப்பட்டது. ஒரு சின்ன ஊரையும் அதன் கட்சித் தலைவரையும் பற்றிய கதை. எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. கடைசியில் லட்சுமிகாந்தமே, "பொங்கல் கழிஞ்சா மிஷின் சும்மாதானே கெடக்கு, முன்னூறு காப்பி போட்டுக்கோ" என்றார்.

போட்டதில் ஒரு ஃபாரத்துக்கு, பதினாறு பக்கம் அடங்கிய பெரிய தாளுக்கு, மட்டும் மறுபக்கம் தலைகீழாக விழுந்துவிட்டது. அதைத் திரும்ப அடித்தார்கள். வீணான தாள் வழக்கம்போல வெடிக்குக் குழாய் சுற்ற, பட்டாசு செய்யும் பக்கத்து ஊர் விஸ்வநத்தத்துக்குப் போய்விட்டது. சாமி படம் விழுந்த தாளை லட்சுமிகாந்தம் ஒருநாளும் வெடிக்குக் கொடுக்க மாட்டார். முருகன் சிதறினால் பாவம். எழுத்துத் தாளைப் பற்றி அப்படி யாரும் கவலைப்பட்டதில்லை.

நேற்று சாயங்காலம் அதே விஸ்வநத்தத்தில் கட்சியின் புது ஒன்றியச் செயலாளர் தங்கப்பாண்டியனுக்கு வரவேற்பு. அவர் ஒரு குழந்தையை முத்தமிட்டுக் கிளம்பும்போது போட்ட வெடியில் நாவல் வெடித்து ஊர் முழுக்கப் பறந்திருக்கிறது. ஒருவன் ஒரு துண்டை எடுத்து உரக்க வாசிக்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

"செயலாளரு பதினோரு மணிக்கு இங்கன வாராக" என்றார் லட்சுமிகாந்தம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பைண்டிங்ல இருக்கிற அம்புட்டையும் கூழா அரைக்க அனுப்பிருவோம். நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவோம்."

"மூணு வருசம் அண்ணாச்சி" என்றாள் அவள். "நான் பேசுறேன். முடியலைன்னா அரைச்சுக்கோங்க."

தங்கப்பாண்டியன் காரில் வந்தார். பின்னால் ஒரு காலி மினி லாரியும் வந்தது. கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினார்.

"எந்தக் கோஷ்டி எழுதச் சொன்னுச்சு?"

"யாரும் சொல்லலைங்கய்யா. இது வெளிநாட்டு நாவல்."

"கதை விடாதீக. ஆள் கூட்டியாந்தது ஊருக்கே தெரியும், அது கெடக்கட்டும். வாயைத் தொடச்சது எப்படித் தெரியும்? கண்ணாடிய ஏத்திட்டுல்ல தொடச்சேன்! டிரைவர் செல்லச்சாமி சொன்னானா?"

லட்சுமிகாந்தம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்க நேத்துத்தானே தொடச்சீக? இந்தத் தாளு வெடிக்குள்ள போயி ரெண்டு மாசமாச்சுங்கய்யா" என்றாள் அருணாதேவி.

தங்கப்பாண்டியன் யோசித்தார். "அப்ப போன வருசம் காரியாபட்டிக் கூட்டத்துல பாத்திருக்கான்."

அவள் பையிலிருந்து பழுத்துப்போன ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, அச்சிட்ட வருடம் இருக்கும் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் வருடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏ, நான் பொறக்கவே இல்லையே!"

"ஆமாங்கய்யா."

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய மூச்சாக விட்டார். அவளிடம் தமிழில் அச்சடித்த தாளை வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஒரு தடவை குலுங்கிச் சிரித்தார்.

"இவன் லாரியில கூட்டியாந்திருக்கான். நான் பட்டாசுக் கம்பெனி வேன்லல்ல கூட்டியாந்தேன்? பிரியாணி போட்டானா?"

"உருளைக்கிழங்கு சூப்புங்கய்யா."

"அடப் பாவமே, அதுக்கா கை தட்டுனாக?" தாளை மடித்து வைத்தார். "எழுதுனவன் இப்ப பெரிய ஆளா இருப்பானே?"

"ஏழு வருசம் ஜெயிலுங்கய்யா, இந்த அத்தியாயத்துக்காக. அந்த ஊர்த் தலைவரு தன்னைப் பத்தின்னு நெனச்சுட்டாராம்."

தங்கப்பாண்டியன் மேசைமேல் கிடந்த கருகிய துண்டைச் சுண்டிவிட்டார்.

"புஸ்தகக் கட்டு பூராத்தையும் அள்ளத்தான் லாரி கொண்டாந்தேன், இந்தாம்மா. நல்லவேளை, வருசத்தைக் காட்டுனே." எழுந்து கதவைத் திறந்தவர் வெளியே நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: "ஒண்ணுமில்லலே, அது வெளிநாட்டுச் சங்கதி. நமக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல."

காலியாக வந்த லாரி காலியாகவே திரும்பியது. லட்சுமிகாந்தம் தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்து, "போயி பைண்டிங்கை ஆரம்பிக்கச் சொல்லு தாயி" என்றார். அருணாதேவிக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியதும் பசிதான் முதலில் தெரிந்தது. காலையில் கொண்டுவந்த இட்லியைப் பயத்தில் பிரிக்கவே இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பைண்டிங் பகுதிக்குப் போனாள்.

அங்கே காலண்டர் தைக்கிறவள் பாண்டிலட்சுமி; எட்டாவது வரை படித்தவள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஃபாரத்தில் மூழ்கியிருந்தாள். அவளும் கம்பெனி வேனில் ஏற்றிப் போகப்பட்டு நேற்று விஸ்வநத்தத்தில் கை தட்டியவள்தான்.

"ஏக்கா, பேரு மட்டுந்தான் வாயில நுழைய மாட்டேங்குது" என்றாள். "இது நம்மூருக் கதைதானே?"

அருணாதேவி ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்தாள். கார் போய்விட்டிருந்தது.

"ஆமாடி" என்றாள். "நம்மூருக் கதைதான். வெரசாத் தைய்யி."