ரோட்டை வெட்டிய மண்வெட்டி

கிழக்கு வெளுக்கும்போதே தார் கொதிக்க ஆரம்பித்துவிடும். கருவேல விறகுப் புகையும் தார்ப் புகையும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கினால், குடித்த நீராகாரம் அப்படியே மேலே வரும். காலில் ரப்பர் செருப்பு, அதற்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் சணல் கயிறு. இத்தனை கட்டியும் உள்ளங்கால் வேகும். தலையில் தார் ஜல்லி நிரம்பிய இரும்புச் சட்டி. அதைத் தூக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. நின்றால் ரோலர்காரன் கத்துவான். ஓடினால் ஜல்லி சிதறி முதுகில் விழும். என் முதுகைப் பார்த்தால் எத்தனை தடவை ஓடியிருக்கிறேன் என்று தெரியும்.

நான் அம்சம். வாய்க்காரி என்று எங்கள் கீழத்தெருவில் எனக்குப் பெயர். இருக்கட்டுமே! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கீழ்வேளூர் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து எங்கள் ஊரான வடக்குவெளி வழியாகக் கடைத்தெருவுக்குப் போகிற ரோடு அது. நடவும் களையெடுப்பும் இல்லாத நாளில் எங்கள் தெருப் பெண்களுக்கு ரோட்டு வேலைதான் சோறு. ஆட்சி மாறினால் இந்த ரோட்டுக்குப் புதுத் தாரும் புதுப் பெயர்ப் பலகையும் கட்டாயம் வந்துவிடும். ஆனால் ஓரத்துப் புல்லைச் செதுக்கு, மதகைத் தூர்வாரு, குழி சிறிதாக இருக்கும்போதே அடை என்று சொன்னால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குழி அடைத்தவனுக்கு யார் மாலை போடுவார்கள், சொல்லுங்கள்! பழைய தாருக்கு மேல் புதுத் தார், அதற்கும் மேல் இன்னொரு தார். ரோடு உயர்ந்துகொண்டே போனது, எங்கள் வாசல் தாழ்ந்துகொண்டே போனது.

இந்தத் தடவை காண்டிராக்ட் எடுத்தவர் வைத்தியலிங்கம். இவருடைய தாத்தா பண்ணையில்தான் என் மாமனார் ஆளாக இருந்தார். கீழத்தெரு மனைகளும் அந்தப் பண்ணை நிலமே. செங்கொடி நட்டு, அடி வாங்கி, மண்டை உடைந்து, அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் அதற்குப் பட்டா வாங்கினார்கள். தாத்தாவின் வேட்டியில் கட்சிக் கரை கிடையாது, பேரன் வேட்டியில் இருக்கிறது. எங்களைக் கூப்பிடுகிற குரல் மட்டும் மாறவில்லை.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே அந்த ரோடு, அதற்கு அடியில் ஒரு பழைய மதகு. தெருத் தண்ணீரும் மேற்கே வயல்களில் மிஞ்சுகிற தண்ணீரும் அந்த மதகில் நுழைந்துதான் வடிகாலுக்குப் போய்க் கடலைச் சேர வேண்டும். வேறு வழி இல்லை. மதகு திறக்கிற இடத்தில் இருப்பது வைத்தியலிங்கத்தின் நிலம். அதில் மனை பிரித்து, மஞ்சள் கல் நட்டு, விற்பதற்குப் போர்டும் வைத்துவிட்டார். நடுவில் தண்ணீர் ஓடுகிற மனையை எவன் வாங்குவான்?

ஒரு நாள் காலையில் மதகுக்கு மேலேயே நின்று சொன்னார். "இது இடிஞ்சு கெடக்கு. மண்ணைப் போட்டு மூடிட்டு மேல ஜல்லியைப் பரப்புங்க."

எங்கள் செட்டுக்குத் தலையாள் கண்ணாத்தாள் அக்கா. செங்கொடிச் சங்கத்தில் கிளைச் செயலாளரும் அவர்தான். சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "புதுசா கட்ட வேணாமாங்க?"

"எஸ்டிமேட்ல மதகு இல்ல."

"அப்ப தண்ணி எப்படிங்க போவும்?"

"மழைக்கு முன்னாடி குழாய் போட்டுடுவேன். போதுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எஸ்டிமேட்ல இல்லாத குழாய் எங்கேருந்துங்க வரும்?"

"அம்சம், உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்."

"போடுங்க. ஆனா தண்ணிக்குப் பூட்டு போட முடியாதுங்க."

எல்லாரும் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். ரோலர் சும்மா நின்றது, தார் கட்டிதட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் வைத்தியலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. நேரே காளியம்மன் கோயில் வாசலுக்குப் போனார். கற்பூரம் கொளுத்தச் சொன்னார். "மழைக்கு முன்னாடி குழாய் வைப்பேன், இது சத்தியம்" என்று எல்லார் கண்ணுக்கு முன்னாலும் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தார்.

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. வாக்கு தவறினால் குலம் விளங்காது. கண்ணாத்தாள் அக்கா மட்டும், "பேப்பர்ல எழுதி வாங்குவோம்டி" என்றார். "காளி மேலேயே சத்தியம் பண்ணிட்டாரு, இதுக்கு மேல பேப்பரா?" என்று நாங்கள்தான் அவர் வாயை அடைத்தோம். அடக் கடவுளே, காளிக்குப் பயப்படுகிறவன் கடல் போகிற தண்ணீரை மறிப்பானா? அந்தப் புத்தி அன்றைக்கு எங்களுக்கு இல்லாமல் போயிற்று. மதகை எங்கள் கையாலேயே மூடினோம்.

ஐப்பசி பிறந்தது. குழாய் வரவில்லை, மழை வந்துவிட்டது. விட்டேனா பார் என்று அடைமழை. மேற்கே நட்டு முடித்த சம்பா முழுகியது. தெருவில் முழங்கால் தண்ணீர் இடுப்பளவு ஆயிற்று. அடுப்பு மிதந்தது. பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றி உட்கார வைத்தோம். வைத்தியலிங்கத்துக்குப் போன் செய்தால் எடுக்கவே இல்லை.

இரண்டாம் நாள் விடிந்த கையோடு எங்கள் தெருப் பொன்னுத்தாய் வீட்டு மண்சுவர் ஊறி உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது அவள் கால்மேல். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, மண் கட்டிகளைப் புரட்டி அவளை வெளியே இழுத்தோம். முழங்காலுக்குக் கீழே கால் கோணிக்கொண்டு கிடந்தது. அவள் போட்ட சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

மருதையன் அந்தக் காலைப் பார்த்தார். மருதையன் என் வீட்டுக்காரர். பேசவே மாட்டார். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் என் பங்கு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுமேல் ஏறினார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வரப்புக்குப் பின்னால் தண்ணீர் ஏறினால் மடையை வெட்டிவிட வேண்டும். அது வரப்பா, வாய்க்கால் கரையா, சர்க்கார் ரோடா என்று தண்ணீரும் பார்க்காது, இந்தச் சீமையில் வளர்ந்த கையும் பார்க்காது. பழைய மதகு இருந்த இடம் தெரிந்து வெட்டினார். புதுத் தார் தோசை மாதிரி மடிந்து வந்தது. அவ்வளவுதான் அதன் கனம். நாங்கள் சூடு பட்டுச் சுமந்த ஜல்லியில் பாதி மண்ணாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து, வண்டி போகிற அகலத்துக்கு ரோட்டை அறுத்துக்கொண்டு கிழக்கே ஓடியது. மஞ்சள் கல் எல்லாம் சாய்ந்தது. மத்தியானத்துக்குள் தெருவில் தரை தெரிந்தது.

ஊருக்கு வழி வேண்டுமே! வெட்டின இடத்தில் உடனே இரண்டு பனைமரத்தைப் போட்டு, மேலே பலகை அடித்தோம். முதலில் கடந்தது பொன்னுத்தாய், ஆஸ்பத்திரிக்கு, கயிற்றுக் கட்டிலில், எங்கள் தோள்மேல். அடுத்துப் பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயதானவர்கள். சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆள் மாற்றி ஆள் தூக்கிக் கடத்தினோம். யாரிடமும் கை நீட்டவில்லை.

மறுநாள் காலையில் வைத்தியலிங்கம் வந்தார். கூடவே ஏட்டு செல்லதுரையும் போலீஸ் ஜீப்பும், ஒரு லாரி நிறைய மண்ணும். அந்த வாரம் அமைச்சர் வந்து ரோட்டைத் திறந்துவைக்கப் போகிறாராம். அதற்குள் பள்ளத்தை மூடியாக வேண்டும்.

"எவன்டா வெட்டினது?" என்றார் வைத்தியலிங்கம்.

"நான்தான்" என்றார் மருதையன். இந்த ஒரு சொல்லைச் சொல்லவா இத்தனை வருஷம் வாயை மூடி வைத்திருந்தார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது.

வைத்தியலிங்கம் என் பக்கம் திரும்பினார். குரல் தேனாகிவிட்டது. "பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினா ஜாமீன் கெடைக்காது அம்சம். ஒரு லாரி மண்ணு. நீங்களே அள்ளிப் போட்டு மூடிடுங்க. கேஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் புருஷன் வீட்டுல இருப்பான். மாட்டேன்னா, கீழத்தெருவுல ஒருத்தருக்கும் இனிமே வேலை கெடையாது."

உண்மையைச் சொல்கிறேன், மண்ணைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. மருதையனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் பொன்னுத்தாய் வீடு சுவர் இல்லாமல் வாயைப் பிளந்து நின்றது.

"மண்ணு நாங்க போடுறோங்க" என்றேன். "குழாயை எடுத்தாங்க. மொதல்ல குழாய், அப்புறம் மண்ணு."

"குழாய் அப்புறம் வரும்."

"காளி கோயில்ல அணைச்ச கற்பூரமும் இதைத்தாங்க சொல்லிச்சு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்துப்போனது. லாரிக்குப் பின்னால் மீரா உசேன் பாயின் சரக்கு வேன் நின்றிருந்தது. கடைத்தெருவில் மளிகையும் இரும்புச் சாமானும் விற்கிறவர். பாயைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார் வைத்தியலிங்கம். "பாருங்க பாய், இவங்களால உங்க யாவாரம் போச்சு. நீங்களே ஒரு புகார் எழுதிக் குடுங்க."

பாய் கோபமாகத்தான் இருந்தார். "யாவாரம் போச்சுதான். போன வருஷம் மதகு அடைச்சிக்கிட்டு என் கடைக்குள்ளயும் தண்ணி வந்துச்சு. அதைத் தூர்வாரச் சொல்லி எத்தனை பேர்கிட்ட நடந்தேன்? அப்ப நீங்க யாரும் வரல. வருஷத்துக்கு ஒரு புது ரோடு எனக்கு எதுக்குங்க? போட்ட ரோடு நின்னாப் போதும். புகாரெல்லாம் எழுத மாட்டேன்."

"கொட்டுடா மண்ணை!" என்று லாரிப் பக்கம் கத்தினார் வைத்தியலிங்கம்.

கண்ணாத்தாள் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள். நடவு வயலில் நிற்கிற மாதிரி வரிசை கட்டி நின்றோம். தண்ணீர் தொடையில் மோதி இழுத்தது. லாரி பின்பக்கமாக வந்து விளிம்பில் நின்றது. டிரைவர் இப்ராஹிம் இறங்கி எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய் இன்ஜினை நிறுத்தினார்.

"ஏன்டா நிறுத்தின?"

"ஆளுங்க தலையில மண்ணு கொட்டுறதுக்கு நான் வரலைங்க" என்று சாவியை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

ஏட்டுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "மருதையா, வெட்டின மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வந்து ஜீப்ல ஏறு. அது சாட்சிக்கு வேணும்."

மருதையன் நகர்வதற்குள் கண்ணாத்தாள் அக்கா கரையேறி வீட்டுக்கு ஓடினார். ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து ஏட்டின் காலடியில் போட்டார். "இதுதாங்க. எங்க வீட்டுல இரவல் வாங்கித்தான் வெட்டினாரு."

"அதுக்குக் காம்பு ஆடுது, அதுல எப்படி வெட்ட முடியும்?" என்று எங்கள் தெரு இராஜாங்கம் இன்னொன்றைக் கொண்டுவந்தார். "என்னோடதுலதாங்க வெட்டினாரு."

"பொய்யி. என்னோடது" என்றார் அவர் பின்னாலேயே மண்வெட்டியோடு வந்த இளையபெருமாள்.

பிறகு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள், எடுத்து வந்தார்கள், போட்டார்கள். மண்வெட்டி இல்லாமல் எங்கள் ஆட்களுக்குப் பிழைப்பு இல்லை. தெரிந்துதான் போட்டார்கள். பொன்னுத்தாய் வீட்டு மண்வெட்டியை அவள் மாமியார் இடிந்த சுவருக்குள்ளிருந்து தோண்டி எடுத்து வந்தாள். ஏட்டுக்கு முன்னால் இரும்பு குவிந்தது.

"ஒண்ணு போதும்மா!" என்று கத்தினார் ஏட்டு.

"எது வெட்டிச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க ஏட்டய்யா" என்றேன்.

அப்போது மீரா உசேன் பாய் வேனுக்குள் கையை விட்டார். சணல் சுற்றிய ஒரு புது மண்வெட்டி இலையை எடுத்து, குவியல்மேல் பொத்தினாற்போல் வைத்தார். "என்கிட்ட காம்பு போடாததுதான் இருக்கு. இதையும் எழுதிக்குங்க."

தெருவே கைதட்டியது. வைத்தியலிங்கம் தொண்டை கிழியக் கத்தினார். "எல்லாத்தையும் ஏத்துங்க! அவனையும் ஏத்துங்க!"

ஏற்றினார்கள். மண்வெட்டிக் குவியலுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தார் மருதையன். ஜீப் கிளம்பும்போது என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"குழாய் வெச்சாச்சுன்னா சொல்லி அனுப்பு. மூடுறதுக்கு நானே வர்றேன்."

எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. வைத்தியலிங்கம் முன்னால் நான் எதற்கு அழ வேண்டும்? பாதிப் பேர் ஜீப்புக்குப் பின்னாலேயே கீழ்வேளூருக்கு நடந்தோம். மீதிப் பேர் பள்ளத்தை விட்டு அசையவில்லை.

இப்போது வரைக்கும் குழாய் வரவில்லை. மருதையனும் வரவில்லை. சங்கத்து வக்கீல் கோர்ட்டுக்கு அலைகிறார். அமைச்சர் இந்தப் பக்கமே வரவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, தண்ணீர் தங்காமல் கிழக்கே போகிறது. வயலுக்குத் தண்ணீர் விட முறை வைப்பது போல நாங்கள் முறை வைத்து வெட்டுவாயில் உட்கார்ந்திருக்கிறோம். கடைத்தெருவிலிருந்து ஹபீபுன்னிசா அக்காவும் மற்றப் பெண்களும் ஒரு முறை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களில் லாரி மண்ணைத் தொட ஒரு கூலிக்காரரும் சம்மதிக்கவில்லை.

நேற்றுக் காலையில் ரோட்டு அதிகாரி ஒருவர் வந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பனைமரத்தில் பாதி தூரம் வந்து, அங்கேயே நின்று கேட்டார். "ஏம்மா, பள்ளத்தை மூட விடுறதுக்கு உங்களுக்கு என்னதான் வேணும்?"

"குழாயைக் கொண்டாங்க, நாங்களே மூடித் தர்றோம்" என்றேன். "ஆனா எங்க மண்வெட்டியெல்லாம் ஸ்டேஷன்ல கெடக்கு. அதையும் கையோட வாங்கியாங்க. பிடிக்கிற ஆளோட."