நோட்டில் உட்கார்ந்த அத்தை

நாடு விடுதலை அடைந்து ஓராண்டு ஆகியும் எல்லார் கையிலும் புழங்கிய நோட்டில் பழைய ராஜாவின் தாடிதான் இருந்தது. தாடியை இறக்கிவிட்டு வேறு படம் ஏற்றும் வேலை அரசாங்க அச்சகத்து ஓவியரின் தலையில் விழுந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரு படத்துக்காவது நோட்டுக் குழு தலையாட்டாவிட்டால், அவரைத் தீப்பெட்டி லேபிள் வரைய அனுப்பிவிடுவார்கள்.

முதலில் மீன்கொத்தி வரைந்துகொண்டு போனார்.

“என்னய்யா, பறக்குது?” என்றார் குழுத் தலைவர்.

“பறவைங்க சார்.”

“நோட்டுலயே பறந்தா கஜானாவுல எப்படித் தங்கும்?”

சரி என்று கொக்கை நிற்க வைத்தார்.

“நாடு ஒத்தக் கால்ல நிக்குதுன்னு ஊருக்கெல்லாம் நாமே சொல்லணுமா?” என்றார் கருவூலச் செயலர்.

ஆறு வரைந்தார். ஓடுகிறது என்றார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். மலைதான் கிட்டத்தட்டத் தேறியது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் சூரியன் உதிக்கிறதா, மறைகிறதா என்று குழு இரண்டாகப் பிரிந்து மேசையைத் தட்டியது. உதிக்கிறது என்று ஓவியர் சத்தியம் செய்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவருடைய நாற்காலியில் மாமியார். மகளை இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். அவர் வந்தபோது கம்பத்தில் ராஜாவின் கொடி பறந்துகொண்டிருந்தது. கொடி இறங்கிவிட்டது, அத்தை இறங்கவில்லை. ஆனால் இன்று, என்ன அதிசயம், வாசலில் அவருடைய தகரப்பெட்டி!

“செவ்வாய்க்கிழமை ரயிலுக்குக் கிளம்பறேன் மாப்பிள்ளை. உங்க நாற்காலி முதுகை ஒடிக்குது.”

“அடடா, அதுக்குள்ளயா அத்தை?” என்றார் ஓவியர். வேலை போகிற கவலை மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பார்.

“ஏன் மூஞ்சி செத்துக் கிடக்கு?”

நடந்ததையெல்லாம் சொன்னார்.

“கூத்தால்ல இருக்கு! பறக்காம, ஓடாம, ஒரே இடத்துல அசையாம இருக்கிறது இந்த நாட்டுல ஒண்ணுகூடவா இல்ல?”

“இருக்கும்மா,” என்று சமையலறையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

ஓவியர் மெல்ல நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். பிறகு பென்சிலைத் தேடினார்.

திங்கட்கிழமை குழு மொத்தமும் படத்தின் மேல் குனிந்தது.

“யாருய்யா இந்த அம்மா?”

“நாட்டு மக்கள் சார். பொதுவா.”

தலைவர் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். “பறக்கல.”

“ரெண்டு காலும் தரையில இருக்கு,” என்றார் ஒருவர்.

“எழுந்திருக்கிற உத்தேசமே தெரியல!” கருவூலச் செயலருக்குக் கண் கலங்கிவிட்டது. “இவங்க முந்தானையில முடிஞ்ச காசை எவனாவது அவுக்க முடியுமா?”

எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. ஓவியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“எல்லா நோட்டுலயும் இவங்கதான். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கோணம். யாரா இருந்தாலும் சரி, எதிர்ல உட்கார வச்சு வரையணும். முடியிற வரைக்கும் இந்த அம்மா உங்க பொறுப்பு, எங்கயும் அனுப்பக்கூடாது. உத்தரவு.”

“எத்தனை நாள் ஆகும் சார்?”

“நிதானமா செய்யுங்க. நாணயம் வேற இருக்கே.”

ஓவியர் வீட்டுக்கு வந்து உத்தரவுத் தாளை அத்தையின் கையில் கொடுத்தார். அத்தை அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“பெட்டியைப் பிரிடி,” என்று மகளிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். “மாப்பிள்ளை, சின்ன நோட்டுக்கு இப்படியே முறைக்கறேன். பெரிய நோட்டுக்கு வேணா லேசா சிரிக்கறேன்.”

“சரிங்க அத்தை.”

“முதல்ல நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இனிமே இது என் முதுகு இல்ல, நாட்டோட முதுகு.”