ஜிப் போட்ட வேதாகமம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் புரட்டிப் பார்த்து, தேறாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினொரு வருஷமாக ஒட்டி ஒட்டி, கைக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் என் வாடகை அறையில் புதன்தோறும் நடக்கும் ஜெபக் கூட்டத்திலும் மனசுக்குள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். அருள்பாண்டி ஜெபத்தின் நடுவில் ரீல்ஸ் பார்க்கிறானா, ஒட்டு. ஃபிரடி மூன்று வாரமாக வரவில்லையா, அவனுக்கு ரெண்டாக ஒட்டு.

இந்த ஃபிரடியை எனக்கு அறவே பிடிக்காது. கேட்டால் ஷிஃப்ட் என்பான், ஓ.டி. என்பான். ஞாயிறு ஆராதனைக்கு யூனிஃபார்மோடு பாதியில் வந்து கடைசி பெஞ்சில் தூங்கி வழிவான். கையில் வேதாகமமும் கிடையாது. உலகம் இவனை இழுத்துக்கொண்டு போகிறது, இவனும் இளித்துக்கொண்டே போகிறான் என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். சோதனையில் விழாமல் இருப்பது எப்படி என்று வாரா வாரம் வகுப்பெடுத்தவன் நான். கறுப்பு உறையில் ஜிப் போட்ட பெரிய வேதாகமம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்கியதே இல்லை. வாசிப்பதெல்லாம் போனில்தான், அது சுலபம்.

போன மாதம் ஃபிரடியின் மனைவி ஜெனிஸுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்றார்கள். கெட்ட கட்டியாக இருக்குமோ என்று அவளுக்குப் பயம். உள்ளே கொண்டுபோகுமுன் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்க யேசுராஜ் அண்ணனைக் கூப்பிடு என்று கேட்டாளாம். இப்போதாவது என் அருமை தெரிந்ததே என்று கிளம்பினேன். அந்த நினைப்பை இன்றைக்கு நினைத்தால் தூ என்று துப்பத் தோன்றுகிறது.

வார்டு வாசலில் நர்ஸ் போனை வாங்கி வைத்துக்கொண்டார். போகட்டும், வேதாகமம் இருக்கிறதே என்று கட்டிலருகே நின்று ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன், பிடி மட்டும் கையோடு வந்தது. பல்லெல்லாம் துரு. எத்தனை மழையில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளாவது திறந்திருப்பேனா? ஜெனிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"மனப்பாடமா சொல்லுங்கண்ணே. மேய்ப்பர் சங்கீதம் போதும்" என்றாள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்லும் சங்கீதம். முதல் இரண்டு வரி வந்தது, மூன்றாவதில் நின்றுவிட்டேன். தொண்டையைச் செருமினேன். வெட்கங்கெட்டவன், கண்ணை மூடிக்கொண்டு பரவசம் வந்தவன் மாதிரி நடித்துக்கூடப் பார்த்தேன். நான் விட்ட இடத்திலிருந்து ஃபிரடி எடுத்தான். ஜெனிஸும் சேர்ந்துகொண்டாள். கடைசி வரி வரை இருவரும் தடங்கலில்லாமல் சொன்னார்கள். தினமும் அவன் ஷிஃப்ட் பஸ் ஏறுமுன் வாசலில் நின்று இரண்டு பேரும் சொல்வார்களாம். அவனுக்குக் கையசைத்துவிட்டு ஜெனிஸ் உள்ளே போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். ஃபிரடி முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் கறுப்பு உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றேன். அவன் அதைப் பார்த்துவிட்டான். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மெழுகுவர்த்தி தேச்சா தொறக்கும்ணே," என்றான். "அப்பால தெனம் ஒரு தபா தொறந்து மூடிக்கினே இருங்க. மறுபடி மாட்டிக்காது."