இவருக்குப் பிடித்தவை

நன்றி சொல்லப் போவதற்கும் ஒரு முகம் வேண்டுமே! மூத்தவனுக்கு அது இல்லை. கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் அப்பா பத்தொன்பது நாள் இருந்து கண்ணை மூடினார். இவன் எட்டிப் பார்த்தது நாலே நாலு தடவை, அதுவும் காலை நேரத்தில். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் மேற்பார்வையாளன். எங்கே லிஃப்ட் நின்றாலும் தான்தான் ஓட வேண்டும் என்பது அவன் கட்சி. அப்பாவுக்கு மூச்சு நின்றபோதும் யார் வீட்டு லிஃப்டுக்குள்ளேயோதான் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

தங்கைக்கு அப்போது கால் முறிந்து படுக்கை. இப்போதுதான் ஊன்றுகோலோடு எழுந்திருக்கிறாள். "அண்ணா, என்னைக் கூட்டிட்டுப் போ. அப்பாவைப் பாத்துக்கிட்டவங்க கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். நிஜமாகவே ஒற்றைக் காலில்தான். வேறு வழியில்லாமல் கூட்டிவந்தான்.

தங்கை நர்ஸம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த பொண்ணு செய்ய வேண்டியதை நீங்க செஞ்சீங்க. எப்பவும் மறக்க மாட்டோம்."

"நாங்க என்னம்மா பெருசா பண்ணிட்டோம்? எல்லாம் உங்க வீட்டுல எழுதிக் கொடுத்தபடிதான்" என்ற நர்ஸம்மா, ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

'இவருக்குப் பிடித்தவை' என்று மேலே அச்சடித்த தாள். சேர்க்கும் அன்றே வீட்டார் நிரப்பித் தர வேண்டும். கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைப்பார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் கிறுக்கித் தள்ளியது மூத்தவனுக்கு நினைவிருந்தது. என்ன எழுதினோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

தங்கை சத்தமாகப் படித்தாள். "சாயங்காலம் சூடாப் பால். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆடையோட." சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பாவுக்கா? பால் பொங்குற வாசனை வந்தாலே தெருவுக்கு ஓடுற மனுஷனாச்சே! யாருண்ணா இதை எழுதினது?"

தாள் மாறிப்போச்சு போல என்று பழியை இல்லத்தின் தலையில் போட்டுவிடலாமா? சீ! அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்குக் கூசியது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் ஒருநாளாவது கேட்டிருந்தால்தானே?

"நான்தான். தெரியாம எழுதிட்டேன்" என்றான். "அதை... குடிச்சாரா?"

"முதல் நாள் டம்ளரைப் பாத்ததுமே மூக்கைப் பொத்திக்கிட்டார். எனக்கு ஒரே சங்கடமாப் போச்சு. தாளைக் காட்டி, இந்த வரியை அடிச்சிடட்டுமா ஐயான்னு கேட்டேன். வாங்கிப் படிச்சவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு."

"சிரிச்சாரா?" என்றாள் தங்கை.

"ஆமாம்மா. 'அடிக்காதீங்க. இது அவனுக்குப் பிடிச்சது. சின்னப் பிள்ளையில ஆடை இல்லாட்டி டம்ளரைத் தொடவே மாட்டான்'னாரு. சரின்னு பாலை எடுத்தேன், விடலை. 'இங்கேயே இருக்கட்டும். வேலை முடிஞ்சு பசியோட வருவான்'னாரு. அப்புறம் தினம் சாயங்காலம் ஒரு டம்ளர் வெச்சோம்."

மூத்தவன் நர்ஸம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அந்த வாசனையை எப்படிம்மா தாங்கினாரு?"

"துண்டை மூக்கோட கட்டிக்கிட்டு, வாசலையே பாத்துட்டு இருப்பாரு."