கம்பிப் படல்

மாட்டினானா, மாட்டவில்லையா... ஓடை வேலிப் படலின் கம்பைக் கீழ் வளையத்தில் ஊன்றியது நினைவிருக்கிறது, மேல் வளையத்தை இழுத்து மாட்டினானா? கை மாட்டியது போலத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் மாட்டுகிற கை, அதன் சாட்சியை எவன் நம்புவான்? ஆரின், பட்டிப் புழுதியில் உட்கார்ந்து கன்றின் பின்னங்காலைப் பிடித்திருந்தான், சூட்டுக்கோலின் புகை முகத்தில் அடித்தது. "யோவ், கன்னுக்குட்டியப் புடிக்கிறியா, தாலாட்டுறியா?" என்று கத்தினான் பக்கத்துப் பண்ணை ரஸ், எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்துவைத்தான். படல் திறந்து கிடந்தால் இந்நேரம் மாடுகள் ஓடைக்குள்... ஒரு பொழுது போதும், பெண்டாட்டி நெடா குச்சி குச்சியாக நட்டு வளர்த்த வில்லோ மரக்கன்றுகளை மொட்டையடித்துவிடும், கரையை மிதித்துச் சேறாக்கும், சரளைக்குள் ட்ரவுட் மீன் இட்ட முட்டையெல்லாம் மூச்சடைத்துச் சாகும். இந்த வசந்தத்தில்தான் மரம் கொறிக்கும் பீவர் ஒன்று திரும்பி வந்து ஓடையில் அணை கட்டியிருக்கிறது, அதைப் பார்த்து நெடா அழுதாள், பெற்ற தாய் செத்தபோதுகூட அழாதவள்.

போய்ப் பார்த்துவிடலாம்தான், ஆனால் ஊரே கூடிக் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் பாதியில் எழுந்து போகிறவன் பண்ணைக்கு நாளை எவன் வருவான்? நெடாவிடம் சொல்லலாமா... அதோ கன்றுகளுக்கு ஊசி போடுகிறாள், பூட்ஸெல்லாம் காய்ந்த சேறு, இந்த வறட்சியில் எங்கே போய் மிதித்தாளோ. சொன்னால், எதற்குத் திறந்தாய் என்பாள். சரிந்த வேலிக்கம்பை நிமிர்த்தத்தான் காலையில் உள்ளே போனான், சத்தியமாக அதற்குத்தான். வெளியே மாடுகள் நின்று கத்தின, ஒவ்வொன்றின் விலாவையும் எண்ணிவிடலாம், உள்ளே முழங்கால் உயரம் பச்சை, அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்... எவ்வளவு நேரம்? "உன் பொண்டாட்டி மீனுக்குப் பந்தி வைக்கிறா, உன் மாடு பட்டினி கெடக்குது" என்றான் ரஸ் போன வாரம். வாய்க்கொழுப்பெடுத்த பயல், ஆனால் பொய்யா சொன்னான்? சாப்பாட்டு நேரத்தில் பீன்ஸையும் இறைச்சியையும் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். நெடா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னய்யா, ஏதாச்சும் சொல்லணுமா?" "என்னத்தச் சொல்ல? வெயிலு மண்டையப் பொளக்குது." "வெயிலுதான்" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்தைப் பாதி வெட்டி இவன் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசிக் கன்றை அவிழ்த்ததும் வண்டியை விரட்டினான், நெடா தன் வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தாள். படல் மூடியிருந்தது. அப்பாடா, மாட்டித்தான் இருக்கிறேன், கிழட்டு மூளை பகலெல்லாம் என்னை வறுத்து எடுத்துவிட்டது... இறங்கிக் கிட்டே போனான். மேல் வளையத்தோடு சேர்த்து நீலக் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது, நெடா எப்போதும் பையில் வைத்திருக்கும் கயிறு. உள்ளே ஈரமண்ணில் மாட்டுக் குளம்புத் தடங்கள், நாலைந்து வில்லோக்கள் நுனி கடிபட்டு நின்றன, மாடுகளை வெளியே துரத்திக்கொண்டு வந்த ஒரு ஜோடி பூட்ஸ் தடம். காலையிலேயே தெரியும் அவளுக்கு. பகலெல்லாம் தெரிந்துகொண்டேதான் ஊசி போட்டாள், கேட்டாள், காத்திருந்தாள். பின்னால் வண்டி வந்து நின்றது, கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. மறந்துட்டேன் நெடா, அவ்வளவுதானே, ஒரு சொல், திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான்... மறந்தானா? வேலிக்கு வெளியே மாடுகள் மறுபடி கத்தத் தொடங்கின, அவன் கயிற்று முடிச்சைப் பிடித்தபடியே நின்றான்.